பூஜையில் வைத்த இருபது போர்டுகள்

மட்டாஞ்சேரி
நவமி, பகல் பன்னிரண்டரை மணி

செல்லக் குழந்தை சுபாஷிணிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், மனசளவில் நான் மட்டும் கொஞ்சம் சுகமில்லை, ஏன் என்பது கீழே வருகிறது. அங்கே ஸ்வீடன் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இன்று எழுதக்கூடாத நாள். புத்தகமும் பேனாவும் பூஜையில் இருக்கின்றன, நாளை விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஓர் எழுத்து படிக்கவும் கூடாது எழுதவும் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான், நீ ஆறு வயசில் பால் கவரில் இருக்கும் எழுத்துகூடக் கண்ணில் படக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தாய். அப்படிப்பட்டவன் இன்று, காஸ் சிலிண்டர் வந்த தேதியைக் காலண்டரில் குறிக்க அம்மா சமையலறையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பென்சிலை அவிழ்த்துக்கொண்டு வந்து எழுதுகிறேன் என்றால் என் நிலைமையை நீயே பார்த்துக்கொள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடுவாய். முழுக்கதையும் கேட்டுவிட்டு அந்தப் பரவாயில்லையைச் சொல், அதற்கு முன் எனக்கு அது வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், வரிசை மாறி வந்தால் மூலையில் எண் போட்டிருக்கிறேன், பார்த்துப் படி.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. எர்ணாகுளத்து டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார், அன்று சாயங்காலமே கொலு பொம்மைகளை எடுக்க ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள், படிதானே ஏறக்கூடாது என்றாராம். மழை விட்டபாடில்லை. கடல் ஏறுகிற நாட்களில் கால்வாய் வழியாகத் தண்ணீர் தெருவுக்குள் வருவது இந்த வருஷம் கூடுதல், நம் வீட்டு வாசல் உயரம் என்பதால் தப்பித்தோம், பின்னால் இருக்கிற லைன் வீட்டுக்காரர்கள் பாவம். நீ மழைக்கோட்டு வாங்கினாயா, போன மாதமே சொன்னேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஹீட்டர் அறையிலேயே இருந்தால் முடி கொட்டும், இதையும் சொன்னேன். நான் சொன்னது எதையும் நீ செய்வதில்லை, நீ சொன்னதை நான் செய்து இப்போது முழிக்கிறேன்.

நீ அனுப்பிய இருபது போர்டுகளும் உன்னோடு படித்த நிகிலின் ஆபீஸ் விலாசத்துக்கு வந்து, அவன் திருப்பூணித்துறையிலிருந்து பையில் போட்டு எடுத்துவந்து கொடுத்தான் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, முகத்தில் இருபத்தைந்து பொடிச் சிவப்பு விளக்கு, இரண்டு பொத்தான், விளிம்பில் ஒரு தங்க நிறப் பட்டை, இதற்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள். லாப்டாப்பில் கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து வயர் வழியாக அனுப்பினால் சொன்னபடி செய்யும் என்று நிகில் காட்டினான். நான் கோத்த முதல் கட்டளையில் ஒரு கட்டம் எரிந்ததும் நான் கைதட்டிவிட்டேன், அம்மா எட்டிப் பார்த்து பல்பு எரிஞ்சதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றாள். பிள்ளைகளுக்கு இதை வைத்து ஒரு கிளப் நடத்துங்கள் என்று நீ சொன்னபோது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வைக்கலாம், எல்லோருக்கும் சௌகரியம் என்று நான் சொன்னதும், நீ பிடிவாதமாக, ஞாயிறு வேண்டாம்ப்பா, தினமும் ஸ்கூல் விட்டதும், நாலிலேர்ந்து ஆறரை வரைக்கும் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கும். தினமும் என்றால் இடம் வேண்டுமே. கோயிலை ஒட்டிய நம் சமூக மடத்து ஹாலைக் கேட்டேன். செக்ரட்டரி வெங்கிடாசலத்தை உனக்குத் தெரியும், ஒரு ஃபேனுக்குப் பதில் இரண்டு ஃபேன் சுற்றினால் தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிறவர். வெளிப் பிள்ளைகள் தினமும் வந்து போனால் ஹால் என்னத்துக்காகும் என்று மூன்று தடவை கேட்டார். நான்காம் தடவை இறங்கி வந்து, விஜயதசமி அன்னிக்கு ஆரம்பியுங்கோ, கமிட்டிக்காரா எல்லாரும் வந்து பார்க்கட்டும், இருபதும் எரியட்டும், அப்புறம் தினமும் திறக்கறதைப் பத்திப் பேசலாம் என்றார். பதினெட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீ ஆசையாகத் தமிழில் எழுதி அனுப்பிய பாட அட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், வீட்டில் பேசுவது தமிழ், படிக்கத் தெரிந்தது மலையாளம், ஆகையால் ஐந்து மத்தியானம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மலையாளத்தில் எழுதினேன், நீ வருத்தப்படாதே. இதற்கு நடுவில் என் கவலைகள் வேறு. பாட்டரியை யாராவது வாயில் போட்டால், முதலைப் பல் மாதிரி இருக்கிற அந்தக் கிளிப்பை ஒருத்தன் இன்னொருத்தன் காதில் மாட்டினால், கரண்ட் போனால், மூன்று பழைய லாப்டாப்பும் ஒரே நாளில் உட்கார்ந்துவிட்டால். அம்மா நடுவில் வந்து, பிள்ளைகளே வராமப் போனா என்று ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் இருக்கட்டும், என் நெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு பிள்ளை. பின்னால் லைன் வீட்டில் பாண்டிச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள், சங்கரன்கோவில்காரி, நீ போன பிறகு குடிவந்தவர்கள். போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை, ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருவாள். புருஷன் ராசப்பனுக்கு ஆலுவா பக்கம் கட்டட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. மகள் பொன்மணி ஆறாம் வகுப்பு. டீ இடைவேளையில் பாண்டிச்செல்வி ஓட்டமும் நடையுமாக வந்து, பள்ளி விட்டு வந்த பிள்ளையை உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு மறுபடி வேலைக்கு ஓடுவாள். பூட்டி வைப்பதாவது என்று நான் முகம் சுளித்தேன், அம்மாதான், அவளுக்கு வேற என்ன வழி, அக்கம்பக்கம் யாரை நம்பறது என்று என் வாயை அடைத்தாள். போன மாதம் ஒரு சாயங்காலம் கடல் ஏறித் தண்ணீர் வந்தது. பூட்டிய வீட்டுக்குள் கட்டில் கால் முங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளை கட்டில்மேல் ஏறி, புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தபடி சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்தாள், தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கப் பின்பக்கம் போன என் கண்ணில் பட்டாள். சத்தம் போட்டால் அம்மா பூட்டிவிட்டுப் போவது ஊருக்குத் தெரிந்துவிடுமாம். சாவி போர்ட் கொச்சியில். நம் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்தவன் நான். மூன்று அடி வேண்டியிருந்தது, சுபா, அந்த மூன்று அடியும் இன்னும் என் கையில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு பாண்டிச்செல்வி, பிள்ளையை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டுவிடப் போகிறேன் என்று டிசி வாங்கக் கிளம்பினாள். அம்மா நம் வீட்டிலேயே சாயங்காலம் இருக்கட்டுமே என்று எவ்வளவோ சொன்னாள். அவள் ஒப்பவில்லை. ஒருத்தர் வீட்ல தெனமும் கொண்டு விட்டா அது உபகாரம்மா, நாளைக்கு எம்புள்ள தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கணும், நாலு புள்ளைக வர்ற எடம்னா வேற என்றாள். அப்போதுதான் நான் கிளப் விஷயத்தைச் சொன்னேன். பொன்மணி கேட்டுக்கொண்டே இருந்தவள், பழைய நோட்டு அட்டையைக் கத்தரித்து, அதில் இருபத்தைந்து புள்ளி வைத்து, எந்தப் புள்ளி எரிந்தால் என்ன எழுத்து வரும் என்று தானே நிரப்பிக்கொண்டு மறுநாள் வந்து காட்டினாள். பாண்டிச்செல்வி அதைப் பார்த்துவிட்டு, விஜயதசமிக்கு மறுநாள்லேர்ந்து தெனமும் நடக்குமா சார், நடக்கும்னு நீங்க சொன்னா நிறுத்திக்கிடுதேன், இல்லேன்னா பூசை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழமை ரயிலேத்திருதேன் என்றாள். நடக்கும், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். கமிட்டி தீர்மானிக்காததைப் பற்றி வாக்குக் கொடுக்க எனக்கு என்ன அதிகாரம், தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். நேற்று அஷ்டமி சாயங்காலம் மடத்து ஹாலில் பூஜை வைத்தார்கள். பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினார்கள், தச்சர் உளி வைத்தார், அம்மா கத்தரிக்கோல் வைத்தாள். நம் போர்டுகளும் ஆயுதம்தானே, வித்தைதானே, விஜயதசமிக்குத் தொடங்கப்போகிற காரியத்துக்கு அம்பாள் பார்வை வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. இருபதையும் பெரிய தாம்பாளத்தில் வரிசையாக வைத்தேன். விஜயதசமியன்று ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாதென்று எல்லாவற்றிலும் பாட்டரியையும் சொருகியிருந்தேன், அதில் ஸ்விட்ச் கிடையாது, சொருகினால் விழித்துக்கொண்டே இருக்கும் என்று நிகில் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. தங்கப் பட்டையில் இரண்டு இடத்தில் விரல் வைத்தால் விளக்கு எரிகிற மாதிரி அவன் ஏற்கெனவே கட்டளையும் ஏற்றி வைத்திருந்தான். இது போதாதென்று, சந்தனத்தைப் பன்னீரில் நன்றாகக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் பட்டையாக இட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். எங்கே இட்டேன் என்று கேட்கிறாயா, அந்தத் தங்கப் பட்டையில்தான், எனக்கு அது நெற்றி மாதிரித் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் ஐலண்டில், துறைமுகத்துச் சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் இருந்தவன் நான், பெட்டியில் குடைப் படம் இருந்தால் நனையக்கூடாத சரக்கு என்று இறக்குகிறவர்களிடம் தொண்டை வரளக் கத்தியவன். நீ அனுப்பிய பெட்டியிலும் குடைப் படம் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, பெட்டியைப் பத்திரமாக மழை படாமல் பரணில் வைத்தேன்.

இன்று காலை அர்ச்சனைக்குப் போனால், தாம்பாளத்தில் பூவுக்கடியில் மூன்று நான்கு போர்டுகள் தானாக மினுக் மினுக் என்று எரிந்து அணைகின்றன. வெங்கிடாசலம் எனக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, சிவசங்கரன், தேவி கடாக்ஷம் பார்த்தேளா, யாரும் தொடாமலே எரியறது என்றார். இரண்டு மாமிகள் விழுந்து சேவித்தார்கள்.  வெளியே வந்து நிகிலைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.  அவன், அங்கிளே, ஈரச் சந்தனத்தின் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, குங்குமத்தில் சுண்ணாம்பும் உண்டு, நாளைக் காலைவரை விட்டால் பட்டை அரித்துப் போகும், இப்போதே பாட்டரியைக் கழற்றித் துடைக்க வேண்டும், நான் ஸ்பிரிட் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றான். நாளைக் காலைவரை பூஜையில் வைத்ததை யாரும் தொடக்கூடாது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. தொட்டால் வெங்கிடாசலம் ஹாலையே தரமாட்டார், தொடாவிட்டால் நாளைக்கு ஒன்றும் எரியாது, எரியாவிட்டாலும் ஹால் கிடையாது. இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளை ரயில் ஏறுகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், படிக்கத்தானே கூடாது, துடைக்கப்படாதுன்னு எங்க எழுதியிருக்கு, கொலுவுல பொம்மை சாஞ்சா விஜயதசமி வரைக்கும் சாஞ்சேவா கிடக்கும், போய்ச் செக்ரட்டரிகிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ என்றாள். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு வராத ஒன்று. ஆகையால்தான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா என் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டாள், போய்விட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்தரை மணி

போனேன், சொன்னேன். வெங்கிடாசலம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டார். அப்போ காலம்பற நான் கும்பிட்டது ஷார்ட் சர்க்யூட்டையா என்றார். ஆமாம் என்றேன். எழுந்து கைகால் கழுவி, சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார், கோபமா இல்லையா என்று தெரியாமல் பின்னாலேயே நடந்தேன். ஹாலில் விளக்கேற்றி, நமஸ்காரம் செய்து, தாயே, படிக்க எடுக்கலை, துடைக்கத்தான் எடுக்கறோம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவரே முதல் போர்டை எடுத்துப் பாட்டரியைக் கழற்றினார். நிகில் பஸ்ஸில் வந்து இறங்கினான். மூன்று பேரும் பழைய வேட்டித் துணியும் பஞ்சும் பல் தேய்க்கிற பிரஷும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து துடைத்தோம். சில பட்டைகள் பாசி பிடித்த மாதிரி பச்சை. ஃபேனில் உலர்த்தி ஒவ்வொன்றாகப் பாட்டரி கொடுத்துப் பார்த்தோம். பதினொன்று எரிந்தது. நான்கு எரிவதா வேண்டாமா என்று யோசிக்கிறது. ஐந்து போய்விட்டது, சுபா. உன் ஐந்து போர்டை நான் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று அப்பா பிள்ளையிடம் எழுதலாமா தெரியாது, எழுதிவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பாண்டிச்செல்வி பொன்மணியைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். இன்று அவளுக்கு அரை நாள் வேலை, நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்க வந்தாளாம். மறைக்க இடமில்லை, தரையெல்லாம் பஞ்சும் சந்தனமுமாகக் கிடக்கிறது. நடந்ததைச் சொன்னேன். இருபதும் எரிந்தால்தான் ஹால் என்று பேச்சு, இருபது இல்லை, ஆகையால் நான் கொடுத்த வாக்கை நம்பி நீ ரயில் டிக்கெட்டை விட்டுவிட வேண்டாம் என்று சொன்னேன். பொன்மணி அதற்குள் கீழே உட்கார்ந்து ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணே, ஈரம் பட்டா தானா எரியுதுன்னா, இத எங்க வீட்டு வாசப்படில வச்சா தண்ணி வர்றதுக்கு முன்னாடியே சொல்லுமா என்று நிகிலிடம் கேட்டாள். நிகில் என்னைப் பார்த்தான். சொல்லும், இரண்டு வயர் போதும், நாளைக்கு முதல் பாடம் அதுதான் என்றான். நான் மூன்று வாரம் யோசித்து முதல் பாடமாகப் பூப்போட்ட கோலம் ஒன்றை வைத்திருந்தேன், அது போயிற்று.

பாண்டிச்செல்வி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஏன் சார், இது எரியலேன்னா நீங்க இந்தக் கதவத் தொறக்க மாட்டீயளா என்று கேட்டாள்.  எம்புள்ளைக்கு வெளக்கு எரியணும்னு நான் கேக்கல சார், நாலு மணிக்கு ஒரு கதவு தொறந்திருக்கணும், உள்ள ஒரு ஆளு இருக்கணும், பூட்டாத எடமா இருக்கணும், அம்புட்டுத்தான் என்றாள். இரண்டு மாதமாகப் போர்டு, பாட்டரி, கமிட்டி என்று இராப்பகலாகக் கவலைப்பட்டேனே, அவள் என்னிடம் கேட்டது என்ன என்பதை ஒரு தடவைகூடச் சரியாகக் காதில் வாங்கவில்லை.  வெங்கிடாசலம் சாவிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, நகம் பெயர்கிற மாதிரி வளையத்தை நெம்பி, ஹால் சாவியை மட்டும் கழற்றி என் கையில் வைத்தார். கமிட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன், நாலு மணிக்கு நீங்களே திறந்துக்கோங்கோ என்றார். உடனே, ஒரே ஃபேன்தான் என்றும் சொன்னார்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து வரும்போது எதிர்க்கடை யூசுப் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது, நீ ஏன் ஞாயிறு வேண்டாம் என்றாய், ஏன் நேரத்தை அவ்வளவு கணக்காக, நாலிலிருந்து ஆறரை என்று சொன்னாய் என்பது. அம்மாவும் நானும் வேலைக்குப் போன அத்தனை வருஷமும் உனக்கு நாலு மணிக்குப் பள்ளி விடும், ஐலண்டிலிருந்து என் பஸ் ஆறரைக்குத்தான் வந்து சேரும், அம்மா வர அதற்கும் மேலாகும், வீட்டுச் சாவி என் பையில். நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய். நான் வந்து இறங்கி, சமத்தா இருந்தயா என்று கேட்டுக்கொண்டே பூட்டைத் திறப்பேன், நீ தலையாட்டுவாய், பிள்ளை சமத்து என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொள்வேன். பொன்மணியும் ஜன்னலில் சமத்தாகத்தான் நின்றாள். தினமும் அந்த இரண்டரை மணி நேரம் நீ எப்படி இருந்தாய், பயந்தாயா, மழை பெய்தால் எங்கே ஒதுங்கினாய், பசித்தால் என்ன செய்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். போனில் வேண்டாம், பரவாயில்லைப்பா என்று மட்டும் எழுதாதே, உள்ளதை எழுது, எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

நாளைக்குக் காலை புத்தகம் எடுத்து, பிள்ளைகள் அரிசியில் எழுதின பிறகு, எரிகிற பதினொன்றை வைத்துத் தொடங்குகிறோம். யோசித்துக்கொண்டிருக்கிற அந்த நான்குக்காக நிகில் வேண்டிக்கொள்ளச் சொன்னான், சந்தனம் இல்லாமல் வேண்டிக்கொள்கிறேன். நீ நல்ல ஆயுசோடும் தைரியத்தோடும் இருக்க வேண்டும், இருக்கிற இடத்தில் உனக்கு ஒரு கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் அம்பாளைக் கேட்டுக்கொள்கிறோம். மழைக்கோட்டு வாங்கு. பதில் எழுத மறக்காதே.

சாவியோடு ஆறரை மணிக்கு வந்துகொண்டிருந்த,
இனி நாலு மணிக்கே வந்துவிடுகிற
உன் அப்பா
சிவசங்கரன்